தகரத்தில் மழை விழும்வரை

மெல்போர்னில் நான் பயிற்சி எடுக்கும் உளவள ஆலோசனை நிலையத்தில், அறைக் கதவுக்கு வெளியே ஒரு சின்ன வட்டப் பெட்டி நாள் முழுக்க 'ஸ்ஸ்' என்று இரையும். முதல் நாள் பழுதென்று நினைத்து அணைத்துவிட்டேன். எனக்குப் பயிற்சி தரும் ஹெலன் ஓடிவந்து திரும்பப் போட்டார். உள்ளே பேசுவது வெளியே கேட்காமலிருக்கத்தான் அந்த இரைச்சலாம். இதற்கெல்லாமா ஒரு மெஷின் என்று சிரித்தேன். ஆபாசப் படத்தால் குலைந்துபோன தம்பதிகளிடம் ஹெலன் பேசும் விதத்தைக் கண்ட பிறகு மட்டும் சிரிக்க முடியவில்லை. குற்றவாளியைத் தேடமாட்டார். எப்போது ஃபோனைத் தேடுகிறாய், பார்த்த பிறகு மனசு எப்படி இருக்கும் என்று கணவனிடம் தனியாகக் கேட்பார். அதைக் கண்டபோது உன்னைப் பற்றி என்ன நினைத்தாய் என்று மனைவியிடம் தனியாகக் கேட்பார். சேர்த்து உட்காரவைப்பது அப்புறம்தான். இலங்கையில் நம்ம தேயிலைத் தோட்டங்களிலும் இதைச் செய்யலாமே என்று அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

செய்தேன், அவசரமாக. இதை அக்காவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரை மட்டும் விடச் சொன்னாள். அத்தானின் ஃபோனில் அந்தப் படங்களைக் கண்டுவிட்டு, "என்னையப் பாக்கவே புடிக்கலையோ அவருக்கு" என்று அழுதாள். நான் இங்கிருந்தே ஃபோனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, இருவரையும் உட்காரவைத்து, எவ்வளவு காலமா பாக்குறீங்க அத்தான் என்று கேட்டேன். அடுத்த வீட்டு டீவி சத்தம் சட்டென்று குறைந்தது. லயத்தின் வரிசை வீடுகளுக்கு நடுச்சுவர் கூரையைத் தொடாது என்பது அங்கேயே பிறந்த எனக்கு மறந்துபோயிருந்தது. மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலை பிரிக்கும்போதே, "இன்னைக்கு என்ன படம்ணே?" என்று ஒருத்தன் அத்தானிடம் கேட்டிருக்கிறான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அத்தான் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறாராம். திரும்பி வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோது, "நீ கேட்டது தப்பில்ல புள்ள. லயத்துக்கே கேக்க வச்சியே, அதான்" என்றார்.

சொந்த அக்காவுக்கு நீ ஆலோசகராக இருக்கக் கூடாது என்றார் ஹெலன். பிறகு, அவர்களைக் காருக்குள் உட்கார்ந்து பேசச் சொல்லேன் என்றார். எங்கள் வீட்டில் கார் ஏது? ஆனால் அம்மாவும் அப்பாவும் எங்களுக்குத் தெரியக் கூடாததையெல்லாம் தகரக் கூரையில் மழை அடித்துப் பெய்யும்போதுதான் பேசிக்கொள்வார்கள். அக்காவிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்: அவர் போவதற்குள் மழை வந்ததும் பேசு, ஃபோனைப் பற்றிக் கேட்காதே, உன் பயத்தை மட்டும் சொல். பக்கத்து டவுன் ஹட்டனில் தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவரையும் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் முதலில் கேட்கப்போவது, அவர் அறைச் சுவர் கூரையைத் தொடுகிறதா என்றுதான்.

இன்று வெள்ளிக்கிழமை. கதவுக்கு வெளியே பெட்டி இரைகிறது. ஜன்னலில் மெல்போர்ன் மழை. ஃபோனில் ஹட்டன் வானிலையைத் திறந்து பார்க்கிறேன். அங்கே நல்ல வெயில்.