கரடி மணி

எனக்கு வடிவாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன்; இப்போது மறதியும் கூட. பொறுத்துக்கொண்டு வாசியுங்கோ.

போன வருசம், நாங்கள் இப்போது இருக்கிற வெஸ்ட்மீட்டில் இருந்து மகளோடு யப்பானுக்குப் போனேன். அங்கே நகசெண்டோ என்று ஒரு பழைய பெருந்தெரு. எடோ என்ற அந்தக் காலத் தோக்கியோவில் இருந்து கியோட்டோ வரைக்கும் மலைக்குள்ளால் போனதாம். பிரபுக்கள் பரிவாரத்தோடு நடந்த பாதை. வழி நெடுக, தங்கிப் போக அறுபத்தொன்பது ஊர்கள். இப்போது மிஞ்சியிருக்கும் துண்டுகளில் உலகத்துச் சனமெல்லாம் முதுகில் பையோடு நடக்குது. பெட்டிகளைக் கொடுத்தால் அடுத்த ஊருக்கு வான் வண்டியில் அனுப்பிவிடுவார்கள்.

மாகோமேயில் இருந்து சுமாகோவுக்கு எட்டுக் கிலோமீட்டர். மகள் நடக்கிறது, நான் பஸ்ஸில் வாறது என்று அவள் வீட்டிலேயே தீர்மானித்துவிட்டாள். நடக்க எனக்குச் சரியான ஆசை. ஆனால் மனதில் இருப்பது என் வாயில் வராது.

பெட்டிகளைக் கொடுத்துவிட்டு நின்றபோது மகள் ஒரு பலகையை வாசித்தாள். "அம்மா, அந்தக் காலத்தில பொம்பிளையள் இந்தத் தெருவால போகக் கடதாசி வேணுமாம். சாவடியில மறிச்சுப் பாப்பினமாம்."

எனக்குச் சுருக்கென்றது. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகப் பாஸ் எடுத்து, சாவடிக்குச் சாவடி இறங்கி நடந்தவள் நான். ஒருத்தரும் மறிக்காத தெருவில் பஸ் ஏறவா?

"நானும் நடக்கிறன்."

"முழங்கால்?"

"அதுவும் என்னோட வரட்டும்."

ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. வழியோரம் ஒரு மரத்தூணில் மணி தொங்கியது. கோயில் கிட்ட வந்துவிட்டது என்று சப்பாத்தைக் கழற்றி, மூன்று தரம் அடித்து, கண்ணை மூடிக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தால், பின்னால் வந்த யப்பான் கிழவரும் மனுசியும் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கினம்!

மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஐயோ அம்மா, அது கரடிக்கு அடிக்கிற மணி! ஆள் வருது, விலகு எண்டு."

"நல்லதுதானே. கரடியும் மறிக்கக் கூடாது."

பிறகு வந்த மணிகளையெல்லாம் நானே அடித்தேன், சப்பாத்தோடு. சுமாகோவில் எங்கள் பெட்டிகள் முன்னமே வந்து நின்றன. அவற்றின் மேல் முதலில் பொத்தென்று குந்தினது நானில்லை, மகள்.

ஊர்ப் பெயர்களும் அந்த அறுபத்தொன்பதும் சரியோ தெரியாது. சாவடி எந்த ஊரில் இருந்தது என்பதும் மறந்துபோச்சு. தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கோ. முழுத் தூரமும் நான் நடந்தேன் என்பதில் மட்டும் கை வைக்க வேண்டாம்.