மூன்று நாட்டுப் பேப்பரில் வந்தால் மெய்

நெட் கஃபே நடத்துகிறவனுக்கு லைன் அறுந்துபோவது ஒரு துன்பம் என்றால், லைன் ஒழுங்காக வேலை செய்வது அதைவிடப் பெரிய துன்பம். அப்போதுதான் வாடிக்கையாளர் நாலைந்து நாட்டுப் பேப்பரைத் திறந்துவைத்துக்கொண்டு, "இதுல எது மெய்?" என்று நம்மைக் கேட்பார். சுனாமி அடித்த காலத்திலிருந்து சண்டை முடியும்வரை, தன்னாமுனை றோட்டோரம் நாலு கம்பியூட்டரோடு இருந்து இந்தக் கேள்விக்குத்தான் முழித்தேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்து பழகியவர்களுக்கு என் பாடு விளங்கும்.

ஹனிபா காக்காவின் போட்

ஏறாவூர் ஹனிபா காக்கா மீன் வியாபாரி; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். சுனாமியில் அவருடைய போட் போன இடம் தெரியவில்லை. கட்டாரில் இருந்த மருமகன் ஏதோ ஐரோப்பியப் பேப்பரில் அதே மாதிரி ஒரு போட்டின் படத்தைப் பார்த்தேன் என்று போன் பண்ண, மனுசன் விழுந்தடித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

படத்தைத் திறந்தேன். இரண்டு தென்னைக்கு நடுவில் பச்சைப் போட் ஒன்று செருகிக் கிடந்தது. கீழே 'இந்தோனேசியா' என்று போட்டிருந்தது. "உங்கட இல்ல காக்கா, இது வேற நாடு" என்றேன். பெரிய பேப்பர், பொய் சொல்லாது என்று வேறு சொல்லி வைத்தேன். அவர் காது கொடுக்கவில்லை. பின்னேரமே புன்னைக்குடாக் கடற்கரைப் பக்கம் போய்த் தேடிப் போட்டைக் கண்டுபிடித்துவிட்டு, திரும்பிவந்து வாசலில் நின்று சொன்னார்:

"போட் என்ட, தென்னையும் நம்மட ஊருட, நாடு மட்டும்தான் அவங்க போட்டது!"

பேக்கரிக்காரரின் சந்தேகம்

அதோடு எனக்கு ரோசம் வந்துவிட்டது. நம்பக்கூடிய பேப்பர் எது என்று நானே தேடத் தொடங்கினேன். விட்ட பிழையை அடுத்த நாளே 'திருத்தம்' என்று போடுகிற பேப்பர் ஒன்று அகப்பட்டது. இதைவிட நேர்மை வேண்டுமா என்று, பக்கத்துப் பேக்கரி மரியாம்பிள்ளை அண்ணனிடம் அதைக் காட்டினேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கிழமைத் திருத்தங்களை, ஏழு நாளையும், வரி விடாமல் வாசித்தார். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பிழை விட்டனெண்டு அவனே ஒவ்வொரு நாளும் ஒப்புக்கொள்ளுறான், அவனையா நம்பச் சொல்றாய்?"

வெல்லாவெளிக்குப் போகலாமா?

கடைசியில் நானே ஒரு சட்டம் போட்டேன்: மூன்று நாட்டுப் பேப்பரில் வந்தால் மெய். அந்தச் சட்டத்தை முழுசாக நம்பியவர் கணபதிப்பிள்ளை. வெல்லாவெளி விவசாயி, என் வயதுதான், 'என்னகா' என்று உரிமையோடு பேசுவார். சண்டையில் இடம்பெயர்ந்து, மனைவி, மூன்று பிள்ளைகளோடு எங்கள் ஊர் முகாமில் இருந்தார். ஒரு போகம் ஏற்கெனவே போய்விட்டது. மாரி விதைப்புக்குள் ஊருக்குப் போகாவிட்டால் அடுத்ததும் போய்விடும். அவசரப்பட்டுப் போனாலோ வழியில் மிதிவெடி. ஆகவே நாள் தவறாமல் வந்து, "சனம் போகத் தொடங்கிட்டுதாமா?" என்று கேட்பார்.

ஒரு நாள் வந்தே விட்டது. லண்டன், கனடா, அவுஸ்திரேலியா, மூன்றிலும் ஒரே செய்தி: மக்கள் வெல்லாவெளிக்குத் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். நான் வாசிக்க, மனுசன் மூட்டை கட்ட எழும்பிவிட்டார். அப்போதுதான் கவனித்தேன், மூன்றிலும் வசனம்கூட மாறவில்லை. அடியில், 'மாரி விதைப்புக்கு முன் போய்விட வேண்டும் என்று முகாமில் உள்ள மூன்று பிள்ளைகளின் தந்தை ஒருவர் எமது நிருபரிடம் கூறினார்' என்று இருந்தது.

"நிருபர் ஆரும் உங்களோட கதைச்சவங்களா?" என்று கேட்டேன். கணபதிப்பிள்ளை அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். போன கிழமை முகாமுக்கு வந்த ஒருவரிடம், 'சனம் போகுதாம்' என்று இவர் காதில் விழுந்ததைச் சொல்லியிருக்கிறார். அதுதான் மூன்று நாடு சுற்றித் திரும்பி வந்திருக்கிறது. என் சட்டத்தை நம்பி ஒரு குடும்பம் புறப்பட இருந்ததே!

"அட, அது நான்தானேகா! நான் சொன்னத நானே நம்பிப் புள்ளகுட்டியோட வெளிக்கிட்டிருப்பனே!"

தயிர் முட்டி

அதற்குப் பிறகு ஒரு கிழமை கணபதிப்பிள்ளை வரவில்லை. பிறகொரு நாள் காலையில் மண்சட்டியில் உறைய வைத்த தயிர் முட்டி ஒன்றோடு வந்து மேசையில் வைத்தார். நான் வழக்கம்போல லண்டன் பேப்பரைத் திறக்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். தயிர் சந்தையில் கிடைத்ததாம். எங்கே கறந்த பால் என்று விற்றவரைத் துருவிக் கேட்டு, வெல்லாவெளி என்றதும், கறந்தவர் சந்தைக்கு வரும்வரை நின்று பார்த்திருக்கிறார். அது அவருடைய சொந்த மச்சான்! மூன்று நாளாக வெல்லாவெளியிலேயே படுத்தெழும்புகிறாராம். எந்தப் பாதை சரி, எந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"லண்டன்காரன் எழுதுறத எழுதட்டும், மாடு கறக்க ஆள் போயிட்டான். நானும் விதைக்கப் போறன், வாறன்கா!"

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: நல்ல செய்தி மெய்யென்று உறுதியானால், முதலில் காலியாவது நம் கடைக் கதிரை.