கூழுக்கு அனுமதி உண்டு

கள்ளிக்குப்பத்தில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஓர் அக்கா இருக்கிறார். வெயில் காலத்திலும் அவர் வீட்டுக் குளியலறை ஓட்டை வழியாகத் தெருச் சாக்கடை மேலேறி வரும். செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில்தான் அவர் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், படித்தார்கள், சண்டை போட்டார்கள். மனு கொடுத்து அலுத்துப்போய், ஒருநாள் என் கதவைத் தட்டினார்.

"பாப்பா, வார்டு ஆபீஸ் வாசல்ல நின்னு மைக்ல கேக்கணும். அவனுங்க காதுல உழணும்."

மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. அமைதியாகக் கூடும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது என்று தெம்பாகச் சொன்னேன். கோரிக்கை, நேரம், வருவோர், கோஷங்கள் என்று வரிசைப்படுத்தி அச்சிட்டு, இருவரும் காவல் நிலையத்துக்குப் போனோம். அக்காவின் பெயரில்தான் மனு.

நிலையத்தின் எழுத்து வேலைகளைப் பார்க்கும் ஏட்டை ரைட்டர் என்பார்கள். அவர் பொறுமையாகப் படித்தார். ஆர்ப்பாட்டத்துக்கென்று ஒதுக்கிய இடம் இருக்கிறதாம். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே யாருக்கும் இடைஞ்சல் இருக்காது என்றார். உண்மைதான், கேட்கவும் ஆள் இருக்காது. மைக் கூடவே கூடாது. நோயாளிகள், படிக்கும் பிள்ளைகள், போக்குவரத்து என்று அவர் அடுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெரு அம்மன் கோயிலின் குழாய் ஸ்பீக்கர் அலறி அவர் குரலை மூடியது. ஆடி பிறந்திருந்தது. பாதிச் சாலையை மறித்துப் பந்தல் வேறு. அதற்கு யார் அனுமதி தந்தது என்று கேட்டேன்.

"அது சாமி மேடம்."

வாசலுக்கு வந்ததும் அக்கா சிரித்தார். நாமும் கூழ் ஊற்றலாம் என்றார்.

வார்டு அலுவலக மதிலை ஒட்டி ஒரு வேப்பமரம் உண்டு. அலுவலகம் திறந்திருக்கும் நாளாகப் பார்த்து, ஆடி வெள்ளியன்று அதற்கு மஞ்சள் துணி சுற்றிக் குங்குமம் வைத்தோம். அம்மன் தயார். மைக் செட் வந்தது. போலீஸும் வந்தது, வரிசையை ஒழுங்குபடுத்த. உதவிப் பொறியாளர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, முருங்கைக்கீரையோடு கூழ் குடித்துவிட்டுக் கைகூப்பி நின்றார். அக்கா மைக்கைப் பிடித்தார்.

"தாயே, என் ஊட்டுக்கு கங்கை வர்ல, கக்கூஸ் தண்ணிதான் வந்துகினு கீது. இந்த ஆபீஸ்ல கீறவங்களுக்கு மூக்கக் குடு, தாயே."

பெண்கள் "பராசக்தி" என்றார்கள். பொறியாளர் கூப்பிய கையை இறக்க வழியில்லாமல் நின்றார். வேண்டுதலுக்கு நடுவில் எப்படி இறக்குவது? நான் அச்சடித்திருந்த கோஷங்கள் அத்தனையும், கூடவே அச்சேற்ற முடியாத சிலவும், பிரார்த்தனையாக ஒலித்தன.

திங்கட்கிழமை அடைப்பு எடுக்கும் லாரி வந்தது. அக்கா வீட்டுத் தரை காய்ந்தது, கட்டில் இறங்கியது. என்னைப் பொறுத்தவரை பிழை சரியாகிவிட்டது. அக்காவுக்கு அப்படி இல்லை.

"நான் அம்மனையா கேக்க வந்தேன்? அதுக்கு என் ஊட்ல இன்னா கீதுன்னு தெரியாதா? அவனுங்களத்தானே கேக்க வந்தேன்."

பக்தையாகப் பேச முடிந்த இடத்தில், வரி கட்டுகிறவளாகவும் பேச வேண்டும் என்பது அவர் கட்சி. மறுபடி மனு எழுதினேன். இம்முறை நன்றி தெரிவிக்கும் கூட்டம். வாழ்த்துவதற்கு யார் தடை சொல்வார்கள் என்று என் கணக்கு.

நன்றிக்கும் அதே இடம்தான் என்றார் ரைட்டர். பிறகு குரலைத் தாழ்த்தி, பேசாமல் இன்னொரு வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றிவிடுங்களேன், நானே பந்தோபஸ்துக்கு வருகிறேன் என்றார். மனிதர் மனதாரத்தான் சொன்னார்.

அக்கா பெஞ்சில் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கூழு வாணாம் நைனா. என்னிய அங்க பேசக் கூடாதுன்னு எய்தி, சீல் போட்டுக் குடு. நான் கோர்ட்ல காட்டிக்கிறேன்."

ரைட்டர் எங்கள் மனுவைப் பார்த்தார், மூடியிருந்த ஆய்வாளர் அறைக் கதவைப் பார்த்தார். சட்டைப்பையில் பேனா இருந்தது. அவருக்கு எழுதத்தான் வரவில்லை.