அக்கா கேட்காத கேள்வி

எங்கள் அக்காவுக்குப் பேசத் தெரியும், ஆனால் பேச மாட்டாள். நான் நேர் எதிர். தையல் கடை வைத்திருக்கிறேன். ஒருத்திக்கு அளவெடுத்து முடிப்பதற்குள் அவள் மாமியார் வரைக்கும் விசாரித்துவிடுவேன். "ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுகதானா?" என்று எங்கள் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அக்காவுக்குப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் புகார்களைக் கேட்கும் வேலை. அடி வாங்கியவர்கள், அவமானப்பட்டவர்கள், அதைக் கண்ணால் பார்த்தவர்கள் என்று எல்லாரும் வந்து உட்காரும் அறை அவளுடையது. நூலகத்துக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. எதிரெதிராக நாற்காலிகள், நடுவில் மேஜை கிடையாது. ஜன்னல் திரை நான் தைத்துக் கொடுத்தது. வருகிறவர்களிடம் அவள் எதையும் கேட்க மாட்டாள். தண்ணீர் வைப்பாள், எதிரே உட்காருவாள், அவர்களாக வாய் திறக்கும் வரை காத்திருப்பாள். ஒரு பெண் பல நாள் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனாளாம். நானாக இருந்தால் முதல் நாளே பிடித்து உலுக்கியிருப்பேன்.

"கிளறக் கூடாதுடி. ஏற்கெனவே யாரோ அவங்க இஷ்டமில்லாம உள்ள புகுந்திருக்காங்க. நானும் புகுந்தா எப்படி?" என்பாள்.

தெருவில் அவர்களைப் பார்த்தாலும் இவளாகச் சிரிக்க மாட்டாள்; அந்த அறைக்கு வந்தவர்கள் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதாம். எதிரே ஒரு மாணவி வந்தால் போதும், பாத்திரக் கடைக்குள் தலையை விட்டுக்கொண்டு குக்கர் விலை கேட்பாள். எங்கள் வீட்டில் ஏற்கெனவே மூன்று குக்கர்.

மாமா இறந்த பிறகு அக்காவுக்கு மிச்சம் அவள் மகள்தான். நாங்கள் குட்டி என்று கூப்பிடுவோம். அதே பல்கலைக்கழகத்தில்தான் படித்தாள். நடந்தது ஊருக்கே தெரியும். ஆய்வகத்தில் ஒரு பேராசிரியர், குட்டியோடு படிக்கிற பெண்ணை எந்தத் தெருவிலிருந்து வந்தவள் என்று சொல்லிக் காட்டி, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். பார்த்தவர்கள் நிறைய. பார்த்தேன் என்று சொன்னவள் குட்டி மட்டும். அதற்கப்புறம் அந்த ஆள் குட்டியைத் தனியாகக் கூப்பிட்டு என்ன செய்தார், என்ன சொன்னார் என்பதுதான் யாருக்கும் தெரியாது. பிள்ளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

மகள் சாட்சி என்பதால் அக்காவை அந்த வழக்கிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். கூட வேலை செய்கிறவர் பார்த்துக்கொண்டார். அது அலுவலகத்துச் சட்டம், நியாயம்தான். வீட்டில் எந்தச் சட்டம் குறுக்கே நின்றது? இவளோ வீட்டிலும் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு மகள் எதிரே உட்கார்ந்தாள். மகள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். தினமும் இதே கூத்துதான்.

"பெத்தவ நீ! என்னடி கண்ணு ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டா உன் வாய்ல இருக்கிற முத்து கொட்டிடுமா?"

"தானா சொல்லுவா. காத்திருக்கேன்."

"நீ என்ன கொக்கா, ஒத்தக் கால்ல நின்னு காத்திருக்க?"

குட்டி சாத்திய கதவையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்குச் சாட்சி ஒரு துணையைக் கூட்டிப் போகலாம். துணை பக்கத்தில் உட்காரலாம், பேசக் கூடாது. குட்டி என் கடைக்கு வந்து நின்றாள்.

"சித்தி, நீங்க வர்றீங்களா?"

"நானா? அந்த ஆள் சட்டையைப் பிடிச்சிருவேன்டி!"

"அப்படிப்பட்ட ஆள்தான் பக்கத்துல வேணும். ஆனா பிடிக்கக் கூடாது."

போனேன். அங்கே கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குட்டி எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு அந்த ஆளை ஆய்வகத்தை விட்டே எடுத்தார்கள். தள்ளப்பட்ட பெண் வகுப்புக்குத் திரும்பினாள்.

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்ததும் நடைவழியிலேயே குட்டி சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லணும்னு எத்தனை நாள் சமையலறை வாசல்ல நின்னேன் தெரியுமா சித்தி? என்னன்னு ஒரு வார்த்தை கேக்கலை. நான் சாட்சி சொன்னதே அவங்களுக்குப் பிடிக்கலை போலன்னு நினைச்சுட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் நேரே மாடிப்படிக்குக் கீழே அக்காவின் அறைக்குப் போனேன்.

"உன் தண்ணியைத் தூக்கி உடைப்புல போடு! நீ கேப்பேன்னு அவ காத்திருந்தாளாம். உனக்குப் பிடிக்கலைன்னு நினைச்சுட்டாளாம். ஊரார் பிள்ளைக்கெல்லாம் காது வச்சிருக்க, உன் பிள்ளைக்கு ஒரு வாய் இல்லாமப் போச்சே!"

அக்கா எழுந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் கேட்டாள். நானும் கூட இருந்தேன். மகள் பக்கத்தில் போய் அமர்ந்து, கையைப் பிடித்து, "என்னடி கண்ணு ஆச்சு? அம்மாகிட்ட சொல்லு" என்றாள்.

குட்டி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "அங்கேயே எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா. இன்னொரு தடவை அதைச் சொல்ல என்னால முடியாது. கோவமெல்லாம் இல்லை. முடியாது, அவ்வளவுதான்."

யாரையும் அந்தக் கதையை இரண்டாம் முறை சொல்ல வைக்காதீர்கள் என்று அந்தப் பல்கலைக்கழகத்தோடு பல வருஷம் மல்லுக்கட்டியவள் என் அக்கா. "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள்.

குட்டி இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். போனில் அம்மாவும் மகளும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஒரு குறையும் இல்லை. ஆனால் போனை வைத்த பிறகு சில நாள் அக்கா என் கடைக்கு வந்து, தையல் மெஷின் பக்கத்தில் நிற்பாள். எத்தனையோ பிள்ளைகளின் துக்கத்தைக் கேட்டவள், தன் பிள்ளையுடையதைக் கேட்க ஏங்குகிறாள்.

"அவ என்ன சொன்னான்னு கேக்கலைடி. சொல்றப்ப அழுதாளா? அதை மட்டும் சொல்லேன்."

பதில் எனக்கு நாக்கு நுனியில் நிற்கும். வாக்குக் கொடுத்திருக்கிறேனே, என்ன செய்ய?

"நான் பக்கத்துலதான் இருந்தேன்க்கா. அவ கையை நான் விடவே இல்லை."

"நீயாவது இருந்தியே" என்பாள் அக்கா.