துடுப்பில் சிக்கிய விரல்

துறைமுகச் சாலையில் மாலுமிகள் தங்கும் பழைய விடுதியை இடித்தபோது, அங்கிருந்த பின்பால் இயந்திரத்தை வாங்கினேன். சாய்வான பலகை, அதன்மேல் கண்ணாடி. உருண்டு வரும் இரும்புக் குண்டைக் கீழே இருக்கும் இரண்டு சிறு துடுப்புகள் மேலே தட்டிவிடும். மில்லர்புரத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடிக்கு அதை ஆறு பேர் சேர்ந்து ஏற்றினார்கள். முன்னறையில் பாதி போயிற்று.

இடது துடுப்பு அசையவில்லை. மூன்று ஞாயிறுகள் பலகையைத் தூக்கிக் கம்பியால் முட்டுக்கொடுத்து, அடியில் இருப்பதை எல்லாம் நோட்டில் வரைந்தேன். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் இரண்டு தகடுகள் ஒட்டும். கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்து அது காந்தமாகும். ஓர் இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும். தண்டோடு துடுப்பு திரும்பும். கம்ப்யூட்டர் சில்லு ஒன்றுகூடக் கிடையாது.

நான்காவது ஞாயிறு காலை ஆட்டத்தைத் தொடங்கிச் சோதித்துவிட்டு, நோட்டில் வழக்கம்போல அன்றைய படிகளை எழுதினேன். ‘ஒன்று: பிளக் கழற்றியாயிற்று.’ எழுதியதாலேயே கழற்றிவிட்டதாக நம்பினேன். பல்புகளைத் துடைக்க எடுத்து வைத்திருந்ததால் வெளிச்சமும் காட்டிக்கொடுக்கவில்லை. கடற்காற்றில் பச்சை பூத்திருந்த தகடுகளை உப்புத்தாளால் தேய்த்தேன். பிறகு தண்டு இறுகியிருக்கிறதா என்று இடது நடுவிரலை உள்ளே விட்டேன். முழங்கை தகட்டில் இடித்தது.

பழுது நீங்கியிருந்தது. தண்டு விரலைக் கவ்வியது. நான் திமிறியதில் முட்டுக்கம்பி சரிந்தது. இறங்கிய பலகையை வலது கையால் தாங்கிக்கொண்டேன். இடிபட்ட தகடு வளைந்து ஒட்டியபடியே நின்றது. சுருள் உறுமியது. கருகும் வாடை வந்தது. விரலில் உணர்ச்சி குறைந்துகொண்டே போயிற்று.

“மிஷினுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு என்னத்தத் தேடுதிய?” என்றாள் அடுக்களையிலிருந்து வந்த மனைவி.

“ஏளா, விரலு மாட்டிக்கிட்டு. கீழ போயி மெயின அமத்து.”

“வீட்டுக்காரவிய ஸ்ரீவைகுண்டம் போயிருக்காவ. கீழ கேட்டு பூட்டிக் கெடக்கு. பிளக்கப் புடுங்கட்டா?”

“அது பெட்டிக்கும் சொவத்துக்கும் நடுவுல. கை போவாது. உள்ள மட்டும் தொட்டுராத.”

பெட்டியை அவளால் நகர்த்தவும் முடியாது. அப்போதுதான் என் மூக்குக்கு நேரே கம்பியில் தொங்கிய சிறிய தூக்குக் குண்டைப் பார்த்தேன். அந்தக் கம்பி ஒரு வளையத்துக்கு நடுவே தொங்கும். ஆடுபவன் ஏமாற்றுவதற்காகப் பெட்டியை உலுக்கினால் கம்பி வளையத்தைத் தொடும். உடனே துடுப்புகளுக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும்.

“பெட்டியப் புடிச்சு ஆட்டு.”

“கிட்ட வந்தாலே ஆட்டிராதன்னு சத்தம் போடுவிய.”

“இப்ப ஆட்டு ளா.”

முதலில் தொட்டில் ஆட்டுவதுபோல ஆட்டினாள். குண்டு லேசாக அசைந்ததோடு சரி. “இன்னும்” என்றேன். இடுப்பைக் கொடுத்து ஓர் உலுக்கு உலுக்கினாள். ‘டக்’ என்றது. உறுமல் நின்றது. ஸ்பிரிங் தண்டைப் பின்னுக்குத் தள்ள, விரல் வெளியே வந்தது. நகம் நீலம் பாரித்திருந்தது.

“போதும்” என்றேன்.

அவள் விடவில்லை. பாதி முன்னறையை விழுங்கிய பெட்டியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் நாலு தடவை உலுக்கினாள். பலகையைத் தாங்கியபடி உள்ளேயே குனிந்து நின்றேன்.

“போதும்னேம்லா.”

“கேக்கல” என்றாள்.