எக்கிய வயிறும் செவலைக் குதிரையும்

சுடிதார் பேண்ட்டில் எனக்கு முதலில் கிழிவது உள்தொடைதான். நடக்க நடக்க இரண்டு தொடையும் உரசி, துணி நைந்து, என்றைக்காவது பள்ளிக்கூடத்து மாடிப்படியில் டர்ரென்று சத்தம் கேட்கும். அதனால் புதிதாக எது வாங்கினாலும் தையல்கார அம்மாவிடம் கொடுத்து, அந்த இடத்தில் உள்பக்கமாக இன்னொரு துணி வைத்துத் தைத்துக்கொள்வேன். கடையில் வேறு யாராவது நின்றிருந்தால் வாயைத் திறக்க மாட்டேன். பையை நீட்டி, "வழக்கம்போலங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

குதிரை சவாரிக்கென்றே தைத்த பேண்ட்டை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்த அன்று சிரித்துவிட்டேன். உள்தொடையில் பட்டையாக இரட்டைத் துணி! குண்டானவர்களுக்கு மட்டுமல்ல, ஒல்லிக்குச்சிகளுக்கும் அப்படித்தானாம். காலமெல்லாம் நான் ஒளித்து ஒளித்துச் செய்த வேலையை யாரோ ஒரு கம்பெனிக்காரன் வெட்டவெளிச்சமாகச் செய்து விற்றுக்கொண்டிருக்கிறான். இந்தக் குதிரைக்காரர்களிடம் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அப்போதே தோன்றியது.

நான் எருமப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பையன்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'ரிக்'. எங்கள் பக்கத்தில் போர்வெல் போடும் பெரிய ரிக் வண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. அது தெருவுக்குள் நுழைந்தால் எதிரே வரும் வண்டியெல்லாம் ஓரம் கட்டியாக வேண்டும். நான் வராந்தாவில் நடந்து வந்தால், "ரிக்கு வருதுடா" என்று ஒரு குசுகுசுப்பு எனக்கு முன்னால் வகுப்புக்குள் போய்ச் சேரும். எளிய சமன்பாட்டை எத்தனை முறை போட்டுக் காட்டினாலும் ஏறாத மண்டைகளுக்கு இது மட்டும் எப்படிப் பளிச்சென்று உதித்தது என்று வியந்திருக்கிறேன். காதில் விழாத மாதிரியே இருந்துவிடுவேன். ஆனால் வகுப்பறை வாசலை மிதிக்கும் முன் மூச்சை இழுத்து வயிற்றை எக்கிக்கொள்வேன். வெளியே வந்த பிறகுதான் விடுவேன்.

முழங்கால் வலிக்காகப் பார்த்த டாக்டரம்மா, எடையைக் குறைத்தால் போதும், விடியற்காலையில் நடங்கள் என்றார். அப்படி நடந்து போன பாதையில்தான் அந்தக் கோழிப்பண்ணை. பண்ணைக்காரர் கோழியில் சம்பாதித்துக் குதிரையில் செலவழிக்கிறவர். சுற்றிலும் சோளக்காடு, நடுவே மணல் கொட்டிய வட்டம், அதற்குள் ஒரு செவலை நிறப் பெட்டைக் குதிரை. நான் பார்த்த அன்று சும்மா, யாரும் விரட்டாமல், தன் சந்தோஷத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. பின்னந்தொடை இரண்டும் உருண்டு திரண்டு, ஓடும்போது அலை அலையாய் அசைந்தன. என்ன அழகு! அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அதற்குத் துளிக் கூச்சம் இல்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றுவிட்டேன்.

சனி, ஞாயிறுகளில் சவாரி சொல்லிக் கொடுக்கிறார் என்று தெரிந்ததும் போய்க் கேட்டேன். பண்ணைக்காரர், "எடை எவ்வளவுங்க?" என்றார். நான் கூசாமல் பொய் சொன்னேன். அவர் தீவன மூட்டை நிறுக்கும் தராசைக் கைகாட்டினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். உங்க அழகுக்காகக் கேக்கலீங்க. செவலையோட முதுகுக்காகக் கேக்கறனுங்க. அது வாய் தொறந்து சொல்லாது பாருங்க."

கோபம் வர வேண்டும். வரவில்லை. என் எடையைப் பற்றி ஊரில் கருத்துச் சொல்லாத ஆள் கிடையாது. ஆனால் அதை இன்னோர் உயிருக்குப் பாரமா என்று மட்டும் பார்த்தவர் அவர்தான். கொஞ்சம் இறக்கிவிட்டு வாருங்கள் என்று ஒரு எடையைச் சொன்னார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரவுச் சோற்றை நிறுத்தினேன். கொள்ளு ரசம், கொள்ளுச் சுண்டல், கொள்ளுத் துவையல். பண்ணையில் செவலைக்கும் வாளி நிறைய ஊறவைத்த கொள்ளு. "ஒரே சாப்பாடு, சரி. குதிரைகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். கிண்டல் செய்தவர்தான், அந்த எடைக்கு இறங்கிய அன்று என்னைப் பண்ணைக்குக் கூட்டிப் போய்த் தராசுக்குப் பக்கத்தில் நின்று கைதட்டியவரும்.

எடை இறங்கியது. கூச்சம் இறங்கவில்லை. அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. குண்டாக இருந்தபோது, "என்ன டீச்சர், இன்னும் ஒரு சுத்து பெருத்துட்டீங்க" என்றவர்கள் இப்போது முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "சுகருங்களா?" என்றார்கள். காய்கறிக் கடையில், கல்யாண வீட்டில், பள்ளி ஆசிரியர் அறையில், எங்கே போனாலும் என் உடம்புதான் பேச்சு. முன்பெல்லாம் கண்ணாடியைத் தவிர்ப்பேன். இப்போது போகிற வருகிற போதெல்லாம் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். உள்ளே சதை குறைந்து வயிறு தொளதொளவென்று தொங்கியது வேறு. முன்னைவிட இறுக்கமாக எக்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாகச் செவலை மேல் ஏறினேன். சேணத்தில் உட்கார்ந்ததும் எக்கிக்கொண்டேன். பழக்கம். குதிரை நான்கைந்து அடி வைத்தது, நின்றது. தட்டினேன். மறுபடி நாலடி, மறுபடி நின்றது. பண்ணைக்காரர் கடிவாளத்தைப் பார்த்தார், சேணப் பட்டையைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"மூச்சப் புடிச்சுட்டு உக்காந்திருக்கீங்களா? நீங்க மூச்சப் புடிச்சு வெறச்சா, நிக்கச் சொல்றீங்கன்னு அது நெனச்சுக்குதுங்க. அப்படித்தான் பழக்கியிருக்குது."

மூச்சை விட்டால் வயிறும் வந்துவிடுமே. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அப்போது வட்டத்துக்கு அந்தப் பக்கம் உயரமான கறுப்புக் குதிரையில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறவர். வயதில் என்னைவிடக் கொஞ்சம் சின்னவர், உடம்பில் நான் எடை குறைக்கும் முன் இருந்ததைவிடப் பெரியவர். அந்தக் கறுப்புக் குதிரை மட்டும்தான் அவரைத் தாங்கும். அவருக்கு எடை குறைக்கிற யோசனையே கிடையாது. வீட்டுக்காரரின் பழைய டீசர்ட்டைப் போட்டுக்கொண்டு வருவார். நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவே குதிரை குலுங்கிக் குலுங்கிப் போகும் வேகத்தை டிராட் என்பார்கள். என்னைப் போன்றவர்கள் அதில் சேணத்தின் மேல் உரலில் போட்ட நெல்லாய்த் துள்ளுவோம். அவர் துள்ளவே மாட்டார். வயிறு, மார்பு, கை, கன்னம் எல்லாம் குதிரையோடு சேர்ந்து அசையும், இடுப்பு மட்டும் சேணத்தைவிட்டு எழும்பாது. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அவர் சவாரி செய்வதைப் பார்க்கவே நான் சீக்கிரம் கிளம்பிப் போன நாட்கள் உண்டு.

அவர்தான் என் பக்கத்தில் குதிரையை நிறுத்தி, குரலைத் தணித்துச் சொன்னார்.

"டீச்சர், காலி லாரிதானுங்க டமடமன்னு தூக்கிப் போடும். லோடு ஏத்துன வண்டி அமுந்து போவும். வவுத்த உட்டுருங்க. அது சேணத்து மேல உக்காரட்டும்."

"அசிங்கமா இருக்குமேங்க."

"யாருக்குங்க? குதிரைக்கா?"

அவர்கள் இரண்டு பேரையும் சோளக்காட்டையும் தவிர யாரும் பார்க்கவில்லை. விட்டேன். அவ்வளவு வருஷம் பிடித்து வைத்திருந்தது ஒரு பெருமூச்சாக வெளியே போய், வயிறு முன்னால் வந்து மடியில் உட்கார்ந்தது. செவலை காதைப் பின்னால் திருப்பிக் கேட்டுவிட்டு நடக்கத் தொடங்கியது. சில வாரங்களில் டிராட்டில் என் உடம்பும் அமுங்கி உட்கார்ந்தது. இத்தனை காலம் உரசி உரசித் துணியைக் கிழித்த தொடைகள் சேணத்தைக் கவ்விப் பிடித்தன. இவற்றையா நான் திட்டிக்கொண்டிருந்தேன் என்று இருந்தது.

ஆனால் அதெல்லாம் வட்டத்துக்குள்தான். டிராட் பழகியவர்கள் ஞாயிறு காலை ஏரிக்கரைக்குப் போவார்கள். கரை மேல் மண்பாதை நீளமாகக் கிடக்கும், எதிரே கொல்லிமலை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற முதல் நாளிலிருந்து நான் ஆசைப்பட்டது அந்தக் கரையில் செவலையோடு போக வேண்டும் என்பதற்குத்தான். ஆனால் கரைக்குப் போக வேண்டுமானால் கூட்டு ரோட்டைத் தாண்ட வேண்டும். அங்கே பேக்கரி. ஞாயிறு காலையில் அந்தப் பேக்கரி வாசலில் டீயும் கையுமாக நிற்பவர்களில் பாதிப்பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள்.

ஒரு வாரம் தலைவலி என்றேன். ஒரு வாரம் விருந்தாளி. ஒரு வாரம் மழை வரும் என்றேன், வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. பட்டறைக்கார அம்மா ஒவ்வொரு வாரமும் போய்விட்டு வந்து, "இன்னைக்குக் குதிரை மேல உக்காந்தே டீ குடிச்சனுங்க டீச்சர்" என்பார். எனக்குப் பொறாமையாக இருக்கும். இந்தப் பண்ணை வாசலைத் தாண்டாவிட்டால், எத்தனை கிலோ இறங்கினாலும் நான் அந்தப் பள்ளிக்கூட வராந்தாவிலேயேதான் நடந்துகொண்டிருப்பேன் என்று புரிந்தது. போன தை மாதம் ஒரு ஞாயிறு, சாக்கு எதுவும் சொல்லாமல் அவருக்குப் பின்னால் கிளம்பிவிட்டேன்.

கூட்டு ரோடு வரை செவலை நன்றாகவே வந்தது. பேக்கரி வாசலில் பத்துப் பதினைந்து பேர். தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. "டேய், நம்ம கணக்கு டீச்சர்ரா!" என்று ஒரு குரல். அதற்குக் கீழே, நன்றாகப் பழகிய அந்தக் குசுகுசுப்பு.

"ரிக்குடா..."

நான் எக்கினேன். யோசித்துச் செய்ததல்ல, தானாகவே நடந்தது. செவலை நின்றது. சரியாகப் பேக்கரிக்கு நேர் எதிரே, நடுரோட்டில், ஆணி அடித்த மாதிரி. தட்டினேன், அசையவில்லை. பின்னால் வந்த மினி பஸ் ஹாரன் அடித்தது. டீ குடிப்பதையே மறந்து எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முகம் எரிந்தது. இறங்கி, கயிற்றைப் பிடித்து நடந்தே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

முன்னால் போன பட்டறைக்கார அம்மா திரும்பிப் பார்த்தார். உதவிக்கு வரவில்லை. சேணத்தில் உட்கார்ந்தபடியே தன் வயிற்றை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார்.

வேறு வழி இல்லை. என்னிடம் படித்த அத்தனை பேர் எதிரிலும், மினி பஸ் ஜன்னல்களில் எட்டிப் பார்த்த அத்தனை முகங்கள் எதிரிலும், விட்டேன். வயிறு பொத்தென்று முன்னால் வந்து சேணத்தில் உட்கார்ந்தது. நான் போட்டிருந்த டீசர்ட் மேலேறியது. இழுத்துவிடவில்லை.

குசுகுசுத்தவன் யார் என்று தெரிந்தது. இப்போது அவனே ரிக் வண்டி ஓட்டுகிறான், தொந்தியும் வைத்திருக்கிறான். டம்ளரோடு ரோட்டோரத்தில் என் வழியில் நின்றிருந்தான்.

"ஆமாஞ் சாமி, ரிக்கேதான்" என்றேன். "ஓரமா நில்லு, வண்டி கெளம்புது."

அவன் டீ சிந்த விலகினான். பேக்கரி மொத்தமும் சிரித்தது, நானும் சிரித்தேன். செவலை காதைத் திருப்பியது, நடந்தது. ஏரிக்கரை ஏறியதும் டிராட்டுக்கு மாறியது. கரை முடிகிற வரைக்கும் என் வயிறு குலுங்கிக்கொண்டே வந்தது. செவலை ஓரிடத்திலும் நிற்கவில்லை.