இரண்டு கேமராக்களுக்கு நடுவே

வெள்ளிமலையிலிருந்து இறங்கிவந்த வாடகைக் கார், கள்ளக்குறிச்சி போகும் நெடுஞ்சாலையில் அறுபதைத் தாண்ட மறுக்கிறது. கரும்பு டிராக்டர்களைத் தவிர எல்லா வண்டிகளும் எங்களை முந்திப் போகின்றன. எனக்கோ நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

“வேகம் பார்க்கிற கேமராதான் தாண்டியாச்சே, கொஞ்சம் வேகமாப் போகலாமே?” என்கிறேன்.

“முன்னாடி இன்னொன்னு இருக்குதுங்க. இங்கேர்ந்து அதுவரிக்கும் எத்தினி நிமிஷத்துல போறோம்னு பார்த்து அபராதம் போட்டுர்றாங்க,” என்கிறார் ஓட்டுநர் ஏழுமலை.

ஏற்கெனவே இரண்டு முறை மாட்டியவர். மறுபடி மாட்டினால் லைசென்ஸ் போய்விடும் என்று பயம். போன மாதம், நெஞ்சுவலி வந்த தன் அண்ணனை, நான் உட்கார்ந்திருக்கும் இதே முன்சீட்டில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

“அந்த வலியிலயும், ‘மெதுவாவே போடா, லைசென்ஸ் பூட்டா உன் புள்ளைங்க இன்னா பண்ணும்’னு சொல்லிக்கினே வந்தாருங்க. நானும் அறுபதுலயே வந்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல எறக்குறப்போ உசுரு இல்ல.”

இரண்டாவது கேமராவைக் கடக்கிறோம்.

“அந்த வாட்டி அபராதம் எதுவும் வரலீங்க,” என்கிறார் ஏழுமலை, சாலையைப் பார்த்தபடியே.